இரண்டு அட்டை உயரம்

ஷா ஆலமில் இருக்கும் என் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை இரவு கூப்பிட்டார். “தம்பி, இவன் புதுக் கித்தார் வேணும்னு நிக்கிறான். 4,000 வெள்ளியாம். போன வருசம் 450 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தது சரியில்லையாம். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா, இல்ல கூட்டாளிங்க பேச்சக் கேட்டு ஆடுறானா? நீ வந்து பாத்துச் சொல்லு.”

நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இருபது ஆண்டுகளாக மின்கித்தார் வாசிக்கிறேன். தெரிந்தவர்களின் கித்தார்களைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். விலை கூடின கித்தார்தான் நல்ல கித்தாரா என்று யாராவது கேட்காத மாதம் இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். ஒரு மாதச் சம்பளம் போகிற காரியம் என்பதால், வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

மறுநாள் காலை கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக ஷா ஆலம் போய்ச் சேர்ந்தேன். மருமகன் கட்டிலில் உட்கார்ந்து எஃப் கார்டு பிடித்துக் காட்டினான். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த முதல் உலோகப் பட்டையருகே, படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய கார்டு அது. மூன்று கம்பிகள் பாடின. மற்ற மூன்றும் ‘டப்’ என்று அடங்கிப்போயின. விரலை எடுத்தபோது தோலில் சிவப்புக் கோடு பதிந்திருந்தது. “கூட்டாளி கித்தார்ல இதே கார்டு வருது மாமா. இதுல வரல. என் கை சரியில்லையா, கித்தார் சரியில்லையான்னு தெரியல.”

என் பணப்பையிலிருந்து டச் அண்ட் கோ அட்டையையும் வங்கி அட்டைகளையும் எடுத்தேன். இப்படிப்பட்ட அட்டைகள் உலகெங்கும் ஒரே தடிப்பு, 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே, தடித்த கம்பிக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்தேன். இரண்டு அட்டை நுழைந்து கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் கித்தார் சரியாக இருக்கிறது என்று பொருள், ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர்தான் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் உயரம். அவன் கித்தாரில் நான்கு அட்டை உரசாமல் உள்ளே போயிற்று.

பையன் பொய் சொல்லவில்லை. அவன் கைமேலும் குற்றமில்லை. ஆனால் அந்த நான்கு அட்டை உயரத்துக்கு மருந்து 4,000 வெள்ளிதானா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வேண்டுமென்றால் மின்கித்தாரில் ஒலி எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்கித்தாரின் கம்பி எஃகு. அதன் அடியில் இருக்கும் பிக்கப் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும், அவ்வளவுதான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கித்தார் வகையின் பிக்கப்பில் 0.063 மில்லிமீட்டர் தடிப்புள்ள, தலைமுடி போன்ற செப்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். கீழே இருக்கும் காந்தம் மேலே ஓடும் எஃகுக் கம்பியையும் ஒரு சிறு காந்தமாக்கிவிடுகிறது. மீட்டினால் அந்தச் சிறு காந்தம் ஆடுகிறது. சுருளுக்குள் புகும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. அது எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் சுருளில் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். ஐந்தாம் படிவத்தில் இந்தப் பாடத்தை நடத்தும் நாளில் நான் கித்தாரை வகுப்புக்குக் கொண்டு போவேன். எஃகுக் கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கம்பியை மாட்டி மீட்டச் சொல்வேன். ஒலியைப் பெருக்கும் பெட்டியிலிருந்து சத்தமே வராது. பிக்கப்புக்குக் காற்றின் அதிர்வு கேட்காது, மரத்தின் அதிர்வும் கேட்காது. எஃகின் அசைவு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

வீணையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். தஞ்சாவூர் வீணையில் பலாமரக் குடம்தான் ஒலிபெருக்கி. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைத்து, அந்தக் காற்று நம் காதுக்கு வருகிறது. மரம் மாறினால் ஒலி மாறும்; அங்கே மரத்துக்காகக் கொடுக்கும் காசு ஒலிக்குக் கொடுக்கும் காசு. வீணையும் வயலினும் கேட்டு வளர்ந்த காதோடு மின்கித்தாரை அணுகும்போது அந்த நம்பிக்கையையும் கூடவே எடுத்து வந்துவிடுகிறோம். திடமான மரப் பலகையில் செய்த மின்கித்தாரில் மரத்தின் முதல் வேலை, ஏறக்குறைய 40 கிலோ இழுவிசையில் நிற்கும் ஆறு கம்பிகளை வளையாமல் தாங்குவது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கித்தார் கலைஞர் ஜிம் லில் 2021இல் ஒரு விலையுயர்ந்த டெலிகாஸ்டர் வகைக் கித்தாரின் ஒலியை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பதிவு செய்தார். கடைசியில் கித்தாரே இல்லை. ஒரு மேசைக்கும் ஓர் அலமாரிக்கும் நடுவே வெறும் காற்றில் கம்பிகளை இழுத்துக் கட்டி, அதே பிக்கப்பை அதே தூரத்தில், அதே உயரத்தில் வைத்து வாசித்தார். உடலும் இல்லை, கழுத்தும் இல்லை. ஆனாலும் அந்த விலையுயர்ந்த கித்தாரின் ஒலிக்கு மிக நெருங்கிய ஒலி வந்தது. அந்தக் காணொளியை நான் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை கேட்டுவிட்டேன்.

அதற்காக மரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அடித்துச் சொல்வதும் தவறு. கம்பியின் முனைகள் கழுத்திலும் பிரிட்ஜிலும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த முனை அசைந்தால் கம்பியின் சக்தி அதற்குள் வடிந்துவிடும். 1990களின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிளைஷர், ட்ஸ்விக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். கழுத்து தன் இயல்பில் அதிரும் அதிர்வெண்ணும் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிடும் இடத்தில் கழுத்து அந்தச் சுரத்தை விழுங்கிவிடுகிறது. பக்கத்துச் சுரங்கள் நீண்டு ஒலிக்க, அது மட்டும் சீக்கிரம் செத்துவிடும். வாசிப்பவர்கள் இதைச் செத்த இடம் என்பார்கள். ஃபெண்டர் பேஸ் கித்தார்களில் ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட்டுகளுக்கு இடையில் இப்படி ஓர் இடம் இருப்பது பேஸ் வாசிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. விலை கூடின கித்தாரிலும் செத்த இடம் வரும். மலிவான கித்தாரிலும் அது இல்லாமல் போகலாம். விலைச்சீட்டைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பது மரத்தைவிடப் பன்மடங்கு முக்கியம். அதிரும் கம்பியில் அடிச்சுரத்தோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துப் பக்கப் பிக்கப், பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தில் ஏறக்குறைய கால்பங்குத் தூரத்தில் இருக்கிறது. விரல் வைக்காத திறந்த கம்பியின் நான்காவது மடங்குக்கு அந்த இடம் கணு. கணுவில் கம்பி அசையாது. அசையாததைப் பிக்கப்பால் கேட்க முடியாது. அங்கே வரும் உருண்டையான, மெத்தென்ற குரலுக்கும் பிரிட்ஜ் பக்கம் வரும் கூர்மையான குரலுக்கும் காரணம் இந்த வடிவியல்தான். இது 450 வெள்ளிக் கித்தாரிலும் அதே மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

கேபிளைப் பற்றிச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். பிக்கப்பின் சுருளுக்குத் தூண்டம் உண்டு, ஒற்றைச் சுருள் வகைக்கு ஏறக்குறைய 2.5 ஹென்றி. கித்தாரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளுக்கு மின்தேக்கம் உண்டு, மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுத்து அதற்கு மேலே இருப்பதை வெட்டிவிடுகின்றன. சுருளுக்கே உள்ள சிறு மின்தேக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 3 மீட்டர் கேபிளில் அந்த உச்சி 5,000 ஹெர்ட்ஸ் அருகில் வரும். 9 மீட்டர் கேபிளில் 3,200 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியே அதுதான். மகோகனி மரமா ஆல்டர் மரமா என்று இரவெல்லாம் வாதாடுகிறவர்கள் நீளமான கேபிளை மாட்டினால் அதைவிடப் பெரிய மாற்றத்தை அரை நிமிடத்தில் கேட்கலாம்.

மரத்தின் பெயருக்கு இவ்வளவு மதிப்பு வந்தது எப்படி? கண்ணும் காதும் ஒன்றாகச் சேர்ந்துதான் கேட்கின்றன என்பது ஒரு காரணம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் எடுத்தது மின்கித்தார் அல்ல, மரமே ஒலி தரும் சாதாரணக் கித்தார். ஒரே கைவினைஞரைக் கொண்டு ஆறு கித்தார்கள் செய்தார்கள். முதுகுக்கும் பக்கங்களுக்கும் போட்ட மரம் மட்டும் வேறு வேறு: கிடைப்பதற்கரிய பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து மலிவான சப்பேலி வரை. மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டி, மரத்தின் நிறம் தெரியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். ஒலிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் ஆறுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே, 2010இல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு பழைய இத்தாலிய வயலின்களையும் புதிய வயலின்களையும் வாசித்தபோது, அவர்கள் மிகக் குறைவாக விரும்பியது அந்தப் பழைய வயலின்களில் ஒன்றான ஒரு ஸ்ட்ராடிவாரியஸை.

அந்த ஆறு கித்தார்களில் ஒன்றின் மரம் இந்திய ரோஸ்வுட். நம் தமிழில் ஈட்டி, தோதகத்தி. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் மரம். மின்கித்தாரின் விரற்பலகைக்கு உலகம் முழுக்கப் போகிறது. 2017 ஜனவரியில் அதன் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019 இறுதியில்தான் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. காட்டு மரத்தின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றும் பழக்கத்தை நாம் கேள்வி கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. பால்மரத்தில் ஒரு மின்கித்தார் செய்ய வேண்டும். ஷா ஆலமும் கிள்ளானைச் சுற்றியுள்ள தாமான்களும் எழுந்தது பெரும்பாலும் பழைய தோட்டங்களின் மேல்தான். எங்கள் பாட்டி காலையில் இருட்டோடு எழுந்து வெட்டிய மரம் அது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் சாய்த்து, இப்போது மேசை நாற்காலியாகச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அதன் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ. மகோகனியும் அந்த அளவுதான். பக்குவமாக உலர்த்திச் செய்தால், பிக்கப்புக்கு வித்தியாசம் தெரிய எந்தக் காரணமும் இல்லை.

சரி, அப்படியென்றால் 4,000 வெள்ளிக் கித்தாரில் அந்தக் காசு எங்கே போகிறது? ஒரு பகுதி பெயருக்கும் நாட்டுக்கும் போகிறது. அதை மறுக்க முடியாது. ஃபெண்டர் கித்தார் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் வானொலி பழுதுபார்த்தவர், அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. கழுத்தைத் தனியாகச் செய்து நான்கு திருகாணியால் உடலோடு இறுக்கும் முறையை அவர் எடுத்துக்கொண்டது தொழிற்சாலையில் வேகமாகச் செய்யலாம், கெட்டால் மாற்றலாம் என்பதற்காக. 1954இல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249.50 டாலர். அதே ஆண்டின் கித்தார் இன்று பல்லாயிரம் டாலருக்குப் போகிறது. 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கித்தார்கள் அப்போது சரியாக விற்காமல் நிறுத்தப்பட்டன. இப்போது இலட்சக்கணக்கான டாலர். இதெல்லாம் அருமைக்குக் கிடைக்கும் விலை, ஓவியத்துக்குக் கிடைப்பதுபோல.

காசின் இன்னொரு பகுதி விரலுக்குத் தெரியும் இடங்களில் இருக்கிறது. முக்கியமாக ஃப்ரெட்டில்.

648 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் முதல் ஃப்ரெட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் வர வேண்டும். அடுத்தடுத்த இடைவெளிகள் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளங்களை வெட்டுவதற்கே தேர்ந்த கை வேண்டும். இப்போது கணினி இயக்கும் இயந்திரம் வெட்டுகிறது. உலகின் நடுத்தர விலைக் கித்தார்களில் ஏராளமானவை நமக்குப் பக்கத்திலேயே, ஜாவாத் தீவின் சுரபாயாவில் இருக்கும் கோர்ட் ஆலை போன்ற இடங்களில் செய்யப்படுகின்றன. அங்கும் அதே வகை இயந்திரம்தான். ஆகவே ஃப்ரெட் எங்கே உட்கார வேண்டும் என்ற சிக்கல் மலிவான கித்தாரிலும் தீர்ந்துவிட்டது. எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் தீரவில்லை. அதற்கு மனிதரின் நேரம் வேண்டும். 22 ஃப்ரெட்டும் ஒரே மட்டத்தில் நிற்க, ஒருவர் உட்கார்ந்து தேய்க்க வேண்டும், அல்லது விலையுயர்ந்த இயந்திரம் அளந்து தேய்க்க வேண்டும். 450 வெள்ளிக்கு விற்கும் கித்தாருக்கு அந்த நேரத்தை ஒதுக்க முடியாது. ஒரு ஃப்ரெட் துருத்திக்கொண்டிருந்தால் கம்பி அதில் உரசிக் கரகரக்கும். கரகரப்பு கடையில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்பியை உயர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். அந்த உயரத்தைத்தான் அன்று காலை நான் அட்டையால் அளந்தேன்.

கம்பி உயர்ந்தால் விரல் வலிப்பதோடு நிற்காது. அழுத்தும்போது கம்பி இழுபட்டு நீள்கிறது. இழுவிசை கூடிச் சுருதி ஏறுகிறது. நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டாமல் விட்டிருந்தால் முதல் ஃப்ரெட்டில் இது மோசமாக இருக்கும். திறந்த கம்பியில் சுருதி சரியாக நிற்கும், எஃப் கார்டு பிடித்தால் பிசிறும். பையன் தன் காதையும் சந்தேகிக்கத் தொடங்குவான். இப்படிக் கித்தாரைச் சுவரில் மாட்டிவைத்துவிட்ட பிள்ளைகளை எனக்கு நிறையத் தெரியும். தங்களுக்குச் சங்கீதம் வராது என்று நம்பியே போய்விட்டார்கள்.

நம்மவர்களுக்கு ஃப்ரெட் மட்டம் இன்னும் ஒருபடி முக்கியம். பிரசன்னா போன்றவர்கள் மின்கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும்போது கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். மேல் ஃப்ரெட்டுகளில் ஒன்று அரைக்கால் மில்லிமீட்டர் துருத்தியிருந்தாலும் இழுத்த கம்பி அதில் முட்டி, கமகம் பாதியில் அறுந்துவிடும். சரியாகத் தேய்த்த நல்ல கித்தாரில் அந்தச் சுரம் அறுபடாமல் போகும். இங்கே விலைக்கும் தரத்துக்கும் உண்மையான உறவு இருக்கிறது. நன்கு உலர்ந்த மரக் கழுத்துக்கும் அப்படியே. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு. பகலில் வெளியே மழைக்காற்று, இரவில் அறையில் குளிர்சாதனம். மரம் ஈரம் குடித்து வீங்கி, உலர்ந்து சுருங்கி, கழுத்து வளைந்து நிமிர்கிறது. பக்குவப்படாத மரத்துக்கு அடிக்கடி சாவி போட்டு உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இறுக்க வேண்டியிருக்கும்.

வீணை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. குடம் கடைந்து தண்டி பொருத்தினால் வீணை முடிந்துவிடாது. மெழுகு மேடையில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து, சுரம் கேட்டுக் கேட்டு நகர்த்தி உறுதியாக்குவார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். மேளம் கட்டாத வீணையை யாரும் பிள்ளை கையில் கொடுப்பதில்லை. மலிவான மின்கித்தார் மேளம் கட்டாமலே கடைக்கு வந்துவிட்ட வீணை.

அன்று மதியம் ஷா ஆலம் வீட்டுத் தாழ்வாரத்தில் மேளம் கட்ட உட்கார்ந்தோம். கம்பிகளைக் கழற்றினோம். தண்டைத் திருகிக் கழுத்தை நேராக்கினேன். விரற்பலகை கீறாமலிருக்க ஃப்ரெட்டுகளுக்கு இடையே காகித நாடா ஒட்டி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் கறுப்பு மார்க்கரால் மை பூசச் சொன்னேன். நேரான அலுமினியக் கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, கழுத்தின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். நான்கைந்து இழுப்பிலேயே ஏழாம் ஃப்ரெட்டும் பதினைந்தாம் ஃப்ரெட்டும் வெள்ளியாக மின்னின. எட்டாவதில் மை அப்படியே இருந்தது. “ஏழாவதுதான் மேல நிக்குது, அதான் மாமா கரகரன்னுது,” என்றான். எல்லாத் தலையிலும் மை போகும்வரை அவனே தேய்த்தான். பிறகு தட்டையான தலைகளை அரத்தால் உருண்டையாக்கி மெருகேற்றினோம். நட்டின் பள்ளங்களை, மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி நிற்கும்வரை அறுத்தேன். பின்பக்கக் குழியில் அலுமினிய நாடா ஒட்டி இரைச்சலுக்கு வேலி போட்டேன். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் எப்போதும் நுழையப் பார்க்கும். புதுக் கம்பி 25 வெள்ளி; அதை மாட்டிப் பிரிட்ஜில் உயரத்தை இறக்கினேன். ஐந்து மணிக்கு இடியோடு மழை பிடித்தபோது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இரண்டு அட்டை நுழைந்து நின்றது.

எஃப் கார்டு பிடித்தான். ஆறு கம்பியும் பாடின.

அக்காவிடம் நான் சொன்னது இது: இப்போதைக்குப் புதுக் கித்தார் வேண்டாம். அவன் வைத்திருக்கும் உள்ளங்கை அகல ஒலிபெருக்கியை மாற்றுங்கள். மின்கித்தாரின் குரலில் பாதிக்குமேல் பெட்டியிலும் அதன் ஒலிபெருக்கியிலும்தான் இருக்கிறது. 600 வெள்ளிக்கு நல்ல பெட்டி கிடைக்கும். இரண்டு ஆண்டு கழித்து, எந்த இடத்தில் இந்தக் கித்தார் தன்னைத் தடுக்கிறது என்று அவனே விரலால் காட்டிச் சொல்லும்போது, தாராளமாக நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். அக்கா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, “அப்போ கடையில வாங்கறப்பவே இதைச் செஞ்சு கொடுத்திருக்கலாமே தம்பி,” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மருமகனிடமிருந்து ஒரு படம் வந்தது. யாரோ ஒருவருடைய சிவப்புக் கித்தார். கம்பிக்கு அடியில் மாணவர் அட்டையும் டச் அண்ட் கோ அட்டைகளும் அடுக்கியிருந்தன. கீழே எழுதியிருந்தான்: “மாமா, இது அஞ்சு அட்டை. சனிக்கிழமை கொண்டு வரட்டா? மார்க்கர் என்கிட்ட இருக்கு.”